கூண்டில் பறவை சோர்ந்து உட்கார்ந்திருக்கிறதா? அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் பதினான்கு வருடமாகப் பட்ஜியும், கொண்டை வைத்த சின்னக் கிளியான காக்கட்டீலும் வளர்க்கிறேன். கடையில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் இந்தப் பட்ஜிதான். மேல்வீட்டிலிருந்தும் பக்கத்துத் தெருவிலிருந்தும் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: "அக்கா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

நேற்று வரை நன்றாக இருந்த பறவைக்கு அநேகமாகச் சில நாளாகவே உடம்பு சரியில்லை. கூட்டத்தோடு வாழும் சின்னப் பறவை பலவீனத்தை வெளியே காட்டாது. காட்டினால் பருந்துக்கு முதல் இரை அதுதான். நம் கண்ணுக்கே தெரிகிறது என்றால், அதனால் இனிமேல் மறைக்க முடியவில்லை என்று அர்த்தம். அதனால் கீழே இருக்கும் எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

மற்றப் பறவைகளிடமிருந்து பிரித்து, சின்னக் கூண்டிலோ அட்டைப்பெட்டியிலோ வையுங்கள். உயரமான குச்சியை எடுத்துவிட்டுத் தரையை ஒட்டி ஒன்று மட்டும் போதும். தினையும் தண்ணீரும் அதன் அலகுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது சூடு, தலையில் அடிபட்ட பறவைக்கு மட்டும் வேண்டாம். நோயுள்ள பறவைக்குப் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி வரை வேண்டும். நம் ஊரில் டிசம்பர் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது. ஜூலைத் தூறலிலும் பால்கனி ஜில்லென்றுதான் இருக்கும். 40 வாட் குண்டு பல்பைக் கூண்டுக்கு வெளியே, ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் பறவை மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். மேலே துண்டு போர்த்தலாம், ஆனால் துணி பல்பில் படக் கூடாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு கூடிவிட்டது.

ஒரு டிசம்பரில் கீழ்வீட்டுப் பையன் "பல்பு போட்டுட்டேன் அக்கா, ராத்திரி பூரா எரிஞ்சுது" என்றான். போய்ப் பார்த்தால் எல்இடி பல்பு. வெளிச்சம் கண்ணைக் கூசியது, கூண்டுக்குள் கையை விட்டால் தரை ஜில்லென்று இருந்தது. குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, தேவை வருவதற்கு முன்பே ஒன்று வாங்கி வையுங்கள். கரண்ட் போனால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் வைக்கலாம்.

மூன்றாவது எடை. சமையலறைத் தராசில் ஒரு சின்ன டப்பாவுக்குள் பறவையை விட்டு நிறுத்துங்கள். வீட்டுப் பட்ஜி சாதாரணமாக 30 முதல் 40 கிராம் இருக்கும், காக்கட்டீல் 80 முதல் 110 வரை. 35 கிராம் பட்ஜி 31 ஆகிவிட்டதென்றால் அது பத்து சதவீதத்துக்கு மேல். அன்றைக்கே டாக்டர்.

தண்ணீரையோ மஞ்சள் நீரையோ தேனையோ ஃபில்லரில் வாய்க்குள் ஊற்றவே கூடாது. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும். நாம் சாப்பிடும் காய்ச்சல் மாத்திரையில் துளிகூட வேண்டாம். கடையில் கொடுக்கும் மஞ்சள் பவுடரும் வேண்டாம். அது பெரும்பாலும் டெட்ராசைக்ளின். உடம்பு சரியில்லாத பறவை எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது தெரியாது, எவ்வளவு மருந்து உள்ளே போனது என்பதும் தெரியாது. அப்புறம் டாக்டர் எடுக்கும் பரிசோதனையில் கிருமியும் சரியாகத் தெரியாமல் போகும்.

உப்பிக்கொண்டு, கண் சொருகி உட்கார்ந்திருக்கிறது

முதலில் நேரத்தைப் பாருங்கள். மதியம் ஒரு காலைத் தூக்கி, தலையைப் பின்னால் திருப்பி முதுகில் புதைத்துத் தூங்கினால் அது சாதாரணத் தூக்கம். நீங்கள் பக்கத்தில் போனதும் இறகை ஒட்டிக்கொண்டு நிமிர வேண்டும். நோயுள்ள பறவை இரண்டு காலையும் ஊன்றி, பந்து மாதிரி உப்பி, கூண்டைத் தட்டினாலும் பாதிக் கண்ணைத்தான் திறக்கும்.

குளிர்க்காற்று நேராக அடிக்கிறதா? இடத்தை மாற்றிச் சூடு வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுறுசுறுப்பு வரும். இரவு டிவி, விளக்கு என்று தூக்கம் கெட்டதா? பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். இறகு உதிர்க்கும் பருவமா? கொஞ்சம் மந்தமாக இருக்கும், ஆனால் சாப்பாடு குறையாது.

இந்தக் கடைசி வார்த்தையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "கிண்ணம் நிறைய தினை இருக்கே" என்பார்கள். கிண்ணத்தை எடுத்து மெதுவாக ஊதிப் பாருங்கள். மேலே இருப்பதெல்லாம் உமி, பறந்துவிடும். சில சமயம் அடியில் பத்துத் தினைகூட இருக்காது, பறவை பட்டினி கிடந்திருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: பறவை தினையை அலகில் உருட்டிக்கொண்டே இருக்கும், பார்ப்பவர்களுக்குச் சாப்பிடுவது போலவே தெரியும், ஆனால் ஒன்றும் விழுங்கியிருக்காது. நெஞ்சுக்கு நடுவில் ஓடும் எலும்பை விரல் நுனியால் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை உருண்டிருந்தால் நல்லது. கத்தி முனை மாதிரி கூர்மையாகத் தட்டுப்பட்டால் மெலிந்து பல நாளாகிறது.

மூன்று நான்கு மணி நேரம் சூட்டில் வைத்தும் உப்பியபடியே இருந்தாலோ, குச்சியை விட்டுத் தரையில் இறங்கிவிட்டாலோ வீட்டு வைத்தியம் அதோடு நிற்கட்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பட்ஜிக்கு அடுத்த நாள் நிச்சயமில்லை.

மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறது

பறந்துவிட்டு வந்து ஒன்றிரண்டு நிமிடம் ஆடினால் பரவாயில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தண்ணீர் பம்பு போல ஆடினால் மூச்சுத் திணறல். கூடவே வாய் திறந்திருக்கிறதா, 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா, மூக்குத் துளைக்கு மேலே இறகு நனைந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் காரணம் வீட்டுக் காற்று. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, மிளகாய் தாளிக்கும் நெடி, ரூம் ஸ்பிரே, தெருவில் அடிக்கும் கொசுப்புகை, தீபாவளிப் பட்டாசு. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் காக்கட்டீலின் கூண்டு பூஜை அலமாரிக்கு நேர் கீழே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் மூச்சிரைக்கும், ஞாயிறு சரியாகும். மூன்று வாரம் அப்படியே நடந்த பிறகுதான் அந்த அம்மா கிழமையைக் கவனித்துச் சொன்னார். கூண்டை முன்னறை ஜன்னல் பக்கம் மாற்றினோம், பிறகு வரவில்லை.

நான்ஸ்டிக் தவா விஷயம் இதைவிடப் பெரியது. வெறும் தவாவை அடுப்பில் மறந்துவிட்டு அதிகமாகச் சூடேறினால் அந்தப் பூச்சிலிருந்து வரும் வாயு நிமிடக் கணக்கில் பறவையைக் கொல்லும். நமக்கு வாசனைகூடத் தெரியாமல் போகலாம். பறவை இருக்கும் வீட்டில் இரும்புத் தோசைக்கல்லே போதும் என்பது என் முடிவு.

காற்று காரணமில்லை என்றால் கிருமித் தொற்று, பூஞ்சை என்று வரிசை போகும்; ஃபிஞ்ச், கேனரி போன்ற சின்னப் பறவைகளில் மூச்சுப்பைக்குள் வாழும் உண்ணியும் உண்டு. பெண் பறவையாக இருந்தால் முட்டையும் மூச்சிரைக்க வைக்கும், கீழே தனியாகச் சொல்கிறேன். எதுவானாலும் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. நல்ல காற்றுள்ள இடத்துக்கு மாற்றி அரை மணி நேரத்தில் குறையவில்லை என்றால் உடனே கிளம்புங்கள். வாய் திறந்து மூச்சு விட்டால் அந்த அரை மணியும் காத்திருக்க வேண்டாம். கையில் இறுக்கிப் பிடிக்காதீர்கள். நெஞ்சு விரிந்து சுருங்கித்தான் பறவைக்கு மூச்சே போகிறது, நெஞ்சை அமுக்கினால் கையிலேயே போய்விடும்.

எச்சம் மாறியிருக்கிறது

கூண்டின் அடியில் செய்தித்தாளுக்குப் பதில் வெள்ளைத்தாள் போடுங்கள், அப்போதுதான் நிறம் தெரியும். நல்ல எச்சத்தில் மூன்று பங்கு இருக்கும்: பச்சையோ பழுப்போ ஆன கெட்டிப் பகுதி, வெள்ளைச் சுண்ணாம்பு போன்ற பகுதி, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர்.

நிறைய நீர், ஆனால் கெட்டிப் பகுதி உருவாக இருக்கிறது: வெள்ளரிக்காய், கீரை, பழம் அதிகமானதாலோ பயத்தாலோ இருக்கும். ஒரு நாள் வெறும் தினை கொடுத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் கவலை இல்லை.

சிவப்பு: முந்தின நாள் பீட்ரூட், கேரட் கொடுத்தீர்களா? இல்லையென்றால் ரத்தம். தார் மாதிரி கருப்பும் உள்ளே கசிந்த ரத்தமாக இருக்கலாம். கரும்பச்சையாகக் கொஞ்சூண்டு விழுந்தால் வயிறு காலி, சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ எலுமிச்சைப் பச்சையாகவோ மாறியிருக்கிறது: ஈரல் பாதிப்பு. கிளி வகைகளில் சிட்டாகோசிஸ் என்ற கிருமிநோயும் இப்படிக் காட்டும், இது காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதர்களுக்கும் தொற்றும். முகக்கவசம் போட்டு, தாளைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தால், நம் டாக்டரிடம் பறவை வளர்ப்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

எச்சத்தில் முழுத் தினை வருகிறது: செரிக்கவில்லை. வயிற்றில் ஒரு வகைப் பூஞ்சை பட்ஜிகளுக்கு அடிக்கடி வரும், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே மெலியும். மைக்ரோஸ்கோப்பில் எச்சத்தைப் பார்த்தாலே பல சமயம் கண்டுபிடித்துவிடலாம், பெரிய செலவு இல்லை.

ஆசனவாயைச் சுற்றி இறகில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுங்கள், பிய்க்காதீர்கள்.

சாப்பிட்டதைக் கக்குகிறது

ஆண் பட்ஜி கண்ணாடிக்கோ மணிக்கோ ஜோடிக்கோ தலையை மேலும் கீழும் ஆட்டி, நிதானமாக எடுத்து ஊட்டினால் அது காதல். கண்ணாடியை எடுத்துவிடுங்கள், குறைந்துவிடும். தலையைப் பக்கவாட்டில் உதறி, தினை நாலாபக்கமும் தெறித்து, தலை உச்சியில் இறகு பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் வாந்தி. தீனிப்பைத் தொற்று, விஷம் எதுவானாலும் இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

என்ன கொடுத்தோம் என்று யோசியுங்கள். நம் ஊர் ஜூஸ் கடையில் எல்லாரும் குடிக்கும் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) பறவைக்கு விஷம். சாக்லேட்டும் அப்படித்தான். காபி, உப்புப் போட்ட சிப்ஸ், ஊறுகாய் எதுவும் வேண்டாம்.

பெண் பறவை கூண்டின் அடியில் காலை அகட்டி உட்கார்ந்திருக்கிறது

முட்டை மாட்டிக்கொண்டிருக்கலாம். வால் அழுத்தி அழுத்தி இறங்கும், ஆசனவாய்க்கு மேல் வயிறு புடைத்திருக்கும், சில சமயம் கால் இழுத்துக்கொள்ளும். முதல்முறை முட்டையிடும் பறவைக்கும், வெறும் தினையிலேயே வளர்ந்து கால்சியம் குறைந்த பறவைக்கும், குளிர் மாதங்களிலும் இதை அதிகம் பார்க்கிறேன். ஜோடியே இல்லாமல் தனியாக இருக்கும் பெண்ணும் முட்டையிடும், "ஆண் இல்லையே" என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

சூட்டை 30, 32 டிகிரிக்கு ஏற்றுங்கள், பெட்டிக்குள் ஈரத்துணி ஒன்றை வைத்துக் காற்றில் ஈரப்பதம் சேருங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். வயிற்றைத் தடவி அழுத்தி வெளியே கொண்டுவர முயலாதீர்கள். உள்ளே உடைந்தால் காப்பாற்றுவது கடினம். எனக்குத் தெரிந்து இரண்டு பறவைகள் அப்படித்தான் போயின. இரண்டுமே அன்போடு தடவிய கைகள். இரண்டு மூன்று மணி நேரத்தில் முட்டை வரவில்லை என்றால் டாக்டரிடம் கால்சியம் ஊசி, தேவைப்பட்டால் எக்ஸ்ரே. பறவை ஏற்கெனவே துவண்டிருந்தால் அந்த நேரமும் இல்லை.

பிழைத்த பிறகு மண்பானைக் கூட்டை எடுத்துவிடுங்கள். கணவாய் ஓடு எப்போதும் தொங்கட்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் அதுதான். முருங்கைக்கீரையும் காலை வெயிலும் கொடுங்கள்.

ரத்தம் வருகிறது

35 கிராம் பட்ஜியின் உடம்பில் மொத்தமே மூன்றரை மில்லி அளவுக்குத்தான் ரத்தம். நமக்கு நாலு சொட்டு ஒன்றுமில்லை, அதற்கு அப்படியில்லை.

நகம் உடைந்திருந்தால் சோளமாவை (கார்ன்ஃப்ளவர்) விரலில் அள்ளி நுனியில் அழுத்தி இரண்டு நிமிடம் பிடியுங்கள். வளரும் இறகின் குருத்து உடைந்தாலும் அதே சோளமாவு. நின்றுவிட்டால் அதைத் தொடாதீர்கள், பிடுங்குவது டாக்டர் வேலை. தோலில் காயமென்றால் சுத்தமான துணியால் மெதுவாக அழுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் அழுத்தியபடியே ஆட்டோ ஏறுங்கள்.

நடுராத்திரி கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டு ரத்தம் வந்தால் அது காக்கட்டீலின் இரவு பயம். தீபாவளி வாரத்தில் அதிகம். ஒரு சின்ன ஜீரோ வாட் விளக்கு எரிந்தால் நிறையக் குறையும். பூனை நகமோ பல்லோ பட்டிருந்தால் காயம் கடுகளவு இருந்தாலும், ரத்தம் நின்றிருந்தாலும், அன்றைக்கே ஆன்டிபயாடிக் தேவை.

தலை சாய்கிறது, வலிப்பு, குச்சியிலிருந்து விழுகிறது

சீலிங் ஃபேனில் அடிபட்டதா, கண்ணாடியில் மோதியதா? அப்படியென்றால் இருட்டான அமைதியான பெட்டியில் வையுங்கள், பல்புச் சூடு வேண்டாம். தலையில் அடிபட்டதற்குச் சூடு நல்லதில்லை. அடிபடவில்லை என்றால் கூண்டைப் பாருங்கள். புதுக் கால்வனைஸ்டு கம்பியைப் பறவை கடித்துக்கொண்டே இருந்தால் துத்தநாகம் உடம்பில் சேரும், பழைய பெயின்டில் ஈயமும் இருக்கலாம். வீட்டில் பூச்சிமருந்து அடித்தீர்களா என்பதையும் யோசியுங்கள். எல்லாக் குச்சியையும் எடுத்துத் தரையில் துண்டு விரித்து, உடனே டாக்டர்.

மெதுவாக வருபவை

அலகைச் சுற்றித் தேன்கூடு போலச் சின்னத் துளைகளோடு சுண்ணாம்பு படிந்தால் முகச் செதில் உண்ணி. உயிருக்கு உடனே ஆபத்தில்லை, விட்டால் அலகு கோணிவிடும். ஐவர்மெக்டின் சொட்டு மருந்தில் சரியாகும், அளவு மிக நுட்பமானது என்பதால் டாக்டர்தான் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், இறகில் பரவிக் குளிர் தாங்கும் சக்தி போய்விடும்.

அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கும் பகுதி ஆண் பட்ஜிக்குப் பெரும்பாலும் நீலம். வயதான ஆணுக்கு அது பழுப்பாக மாறினால் விரைக்கட்டியாக இருக்கலாம். ஒற்றைக் கால் நொண்டுகிறது, அடிபட்ட தடயமும் இல்லை என்றால் சிறுநீரகத்தில் உள்ள கட்டி கால் நரம்பை அழுத்தலாம். இரண்டுக்கும் எக்ஸ்ரே வேண்டும். நொண்டுவதற்கு முன் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்: எல்லாக் குச்சியும் ஒரே தடிமனில் வழவழப்பாக இருந்தால் பாதம் புண்ணாகும். கொய்யா, வேப்பங்குச்சிகளைப் பல தடிமனில் மாற்றி வைத்தாலே ஆரம்பத்தில் சரியாகிவிடும்.

டாக்டரிடம் கொண்டுபோகும்போது

தெருமுனை கிளினிக் பெரும்பாலும் நாய், பூனைக்குத்தான். போன் செய்து முதலில் "ஹக்கி நோட்தீரா?" (கன்னடத்தில் 'பறவை பார்ப்பீர்களா?') என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் யார் பார்ப்பார்கள் என்று அவர்களிடமே கேட்கலாம், சொல்வார்கள். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நம் ஊரில் இருக்கிறது, நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். பறவை நன்றாக இருக்கும்போதே இரண்டு எண்களைக் கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

சின்னப் பெட்டியில், துண்டு விரித்து, மேலே துணி மூடி, காற்று போகத் துளையோடு எடுத்துச் செல்லுங்கள். ஹெப்பாள் ஃப்ளைஓவர் நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்கலாம், வெந்நீர் பாட்டில் கூட இருக்கட்டும். அன்றைய எச்சம் விழுந்த தாளை மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். எடைக் குறிப்பு, என்ன தினை, புதிதாக ஏதாவது பறவை வந்ததா என்பதைச் சொல்லுங்கள். புதுப்பறவையை ஒரு மாதமாவது தனி அறையில் வைக்காமல் சேர்த்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டருக்கு அதுதான் பெரிய துப்பு.

திரும்பி வந்த பிறகு, இரண்டு நாளில் கத்த ஆரம்பித்துவிட்டது என்று மருந்தை நிறுத்தாதீர்கள், சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். தினமும் காலையில், முதல் தினைக்கு முன்னால், எடை எழுதுங்கள். எடை மூன்று நாள் குறையாமல் நின்ற பிறகே நான் பல்பைக் குறைக்கிறேன். முதலில் கொஞ்சம் தள்ளி வைப்பேன், அடுத்த நாள் மதியம் மட்டும் அணைப்பேன், அப்புறம் பகல் முழுக்க. ராத்திரி பல்பு கடைசியாகத்தான் அணையும்.